ஜன்னலைச் சாத்தும் ரசிகர்

பேசின் பிரிட்ஜில் குடியிருப்பவனுக்கு ஒரு வேடிக்கை இலவசம். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகாமல் வழியிலேயே நின்றுவிடும் ரயில்களை மாடியிலிருந்து பார்க்கலாம். பெட்டியில் இருப்பவர்கள் கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்போம்.

சென்ற வாரம் அடுத்த வீட்டு நண்பர் கண் கலங்க வந்து நின்றார். 'யே பாலே' என்ற இந்திப் படத்தைப் பார்த்தாராம். 2020-இல் சூனி தாராபோர்வாலா எடுத்தது. டாக்சி ஓட்டுபவரின் மகன் மனீஷ் சௌஹான், வெல்டரின் மகன் அமீருதீன் ஷா என்று மும்பைப் பக்கத்துப் பையன்கள் இருவர், மேல்நாட்டு பாலே நடனம் கற்று உயர்ந்த நிஜக் கதையைத் தழுவிய படம்.

"மனசு வைத்தால் ஏழ்மை ஒரு தடையா, சார்? நம் பேட்டைப் பையன்களுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தின்மேல் அல்ல, படம் நன்றாகவே இருக்கிறது. மனீஷ் தம் கதையில் தாமே நடித்திருக்கிறார். அந்தக் கால்கள் பொய் சொல்லவில்லை. கோபமெல்லாம் நண்பர் அதிலிருந்து பொறுக்கியெடுத்த நீதியின்மேல்தான். பையன்கள் உழைத்தார்கள், யார் இல்லையென்றது? ஆனால் யெஹுதா மாவோர் என்ற வெளிநாட்டு ஆசிரியர் மும்பைக்கு வந்து இவர்களைக் கவனித்திராவிட்டால், அந்த உழைப்பு எந்தத் தெருவில் கிடந்திருக்கும்?

சீனத்து லீ சுன்சின் கதையும் இதே ஜாதிதான். 2003-இல் சுயசரிதை எழுதினார். 2009-இல் அது படமாயிற்று. ஏழைக் குடியானவரின் ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். நாட்டியப் பள்ளிக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள், பதினொரு வயதுப் பையனைத் தாண்டியே போய்விட்டார்கள். ஆசிரியை ஒருத்தி தயங்கித் தயங்கி, 'அந்தப் பையன்?' என்று சுட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்! பிறகு பீஜிங்கில் ஏழு வருஷம் சர்க்கார் சாப்பாடு, சர்க்கார் பயிற்சி. அந்த சர்க்காரை நான் மெச்சவில்லை. 1981-இல் ஹூஸ்டனில் அவரே அதை உதறிவிட்டார். ஆனால் அவருடைய மன உறுதியைப் பாடுகிறவர்கள் அந்த ஏழு வருஷச் சோற்றையும் சேர்த்துப் பாட வேண்டாமா? வகுப்பில் சுட்டிக் காட்டப்படாமல் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மனசே இல்லையா?

நம் ஊரில் நாட்டியப் பள்ளிக்கும் பஞ்சமில்லை. 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது. பரதம் கற்ற குடும்பத்தைக் கேளுங்கள்: புடவை, நகை, பக்கவாத்தியம், மண்டபம் என்று அரங்கேற்றக் கணக்கு லட்சத்தில் நிற்கும். இங்கே மூட்டை தூக்குகிறவரின் பையன் எதை வைத்து மனசு வைப்பது?

அவன் ஆடாமலும் இல்லை. சாவு ஊர்வலம் வந்தால் பாருங்கள். பறை அடிக்கிற அடிக்கு, பாடைக்கு முன்னால், வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு ஆடுகிறான். தாளம் ஒரு இம்மி பிசகாது. அந்தக் கால்களுக்குக் கண்ணாடி பதித்த கூடம் கிடையாது, குரு கிடையாது, மறுநாள் காலை முட்டையும் பாலும் கிடையாது. பார்க்கிற எங்களுக்கு அது கூத்து. குடித்துவிட்டு ஆடுகிறான் என்போம். இதையே லண்டனில் ஒருவர் மெச்சிவிட்டால் நண்பர் மறுபடி கண் கலங்குவார்.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். "நீங்கள் எழுத்தாளர், எதையும் கோணலாகப் பார்ப்பீர்கள்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நேற்றுப் பிற்பகல் எங்கள் தெருவில் ஒரு சாவு. பறை தொடங்கியதும் அடுத்த வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் நண்பரே மாடிப்படி ஏறி வந்தார்.

"எத்தனை மணிக்கு சார் எடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.