வயலைத் தாண்டிப் பறக்கும் பட்டம்

பி.எஸ்ஸி. விவசாயம் படிப்பவர்களுக்கு நான்காம் ஆண்டில் இரண்டு பாடத்திட்டங்கள். பல்கலைக்கழகம் வகுத்ததில் மண், விதை, பூச்சி, பாசனம் இருக்கின்றன. மாணவர்களே வகுத்துக்கொண்டதில் ரீசனிங், ஆங்கில இலக்கணம், பொது அறிவு. முதலாவது பட்டத்துக்கு, இரண்டாவது பிழைப்புக்கு.

நாட்டின் முதல் விவசாயப் பல்கலைக்கழகத்தை 1960 நவம்பர் 17-ல் பந்த்நகரில் நேரு திறந்துவைத்தபோது நோக்கம் வேறாக இருந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு உருவான அந்த அமைப்பில் கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டுக்கும் சமமாக மூன்றாவது கடமை ஒன்றும் உண்டு: கற்றதை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் விவசாயப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கின.

இன்று விடுதி அறைகளில் அதிகம் பேசப்படுவது பொதுத்துறை வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வு. நான்காண்டு விவசாயப் பட்டமும் 20 முதல் 30 வரை வயதும் போதும். அடுத்தது மாநில வேளாண் துறை வேலை. அறிவிப்பு எப்போது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். விஞ்ஞானியாக ஆசைப்பட்டால் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று மேலும் பல ஆண்டுகள். விதை, உரம், பூச்சிமருந்து கம்பெனிகளில் வேலை உண்டு; விற்பனை இலக்கும் கூடவே உண்டு.

சொந்த நிலத்துக்குத் திரும்புவது பட்டியலில் கடைசி. அதற்காக மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. 2018-19-ல் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று தேசிய மாதிரி ஆய்வு கணக்கிட்டது. அதில் பயிர் தந்தது 3,798 ரூபாய்தான். கூலியும் சம்பளமும் தந்தது அதைவிட அதிகம். இந்தக் கணக்கை அனுபவத்தில் அறிந்த தகப்பன், படித்த பிள்ளையை ‘வயலுக்கு வா’ என்று எப்படி அழைப்பார்?

ஆனால் இழப்பு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2013-ல் நடந்த ஆய்வின்படி, 100 விவசாயக் குடும்பங்களில் சுமார் 59 குடும்பங்களுக்கு எந்தத் தொழில்நுட்ப ஆலோசனையும் கிடைக்கவில்லை. இலை சுருண்டால் விவசாயி போய் நிற்பது மருந்துக் கடையில். ஆலோசனை அங்கே இலவசம், புட்டிக்குத்தான் விலை.

இந்த இடத்தைப் பட்டதாரிகள் பிடிக்கட்டும் என்றுதான் 2002-ல் மத்திய அரசு வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டத்தைத் தொடங்கியது. 45 நாள் பயிற்சி, தனி நபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன், 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம் என்று ஏற்பாடு. காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் கடன் தருவது வங்கியின் முடிவு. ஆலோசனைக்குக் காசு கொடுத்துப் பழகாத ஊரில் முதல் இரண்டு பருவங்களைத் தாக்குப்பிடிப்பது பட்டதாரியின் பாடு.

அந்த ஊரை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு படிப்பிலேயே இருக்கிறது. மாணவர்கள் ‘ராவே’ என்று அழைக்கும் கிராமப் பணி அனுபவம். 2015-ல் அறிவிக்கப்பட்ட ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டம் இதற்கு ஆறு மாதங்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை வகுத்தது. தெருவில் வண்ணப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, மண் மாதிரி எடுத்து, குறிப்பேட்டை நிரப்பிவிட்டு மீதி நேரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களும் உண்டு. மதிப்பெண் குறிப்பேட்டுக்குத்தான் என்றால் வேறென்ன நடக்கும்?

தேர்வுப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லவேண்டாம். ஒரே ஒரு விவசாயியின் வரவு செலவை விதைப்பு முதல் விற்பனை வரை எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணை அதற்குத் தரலாம். நாளை அவர் வங்கியில் உட்கார்ந்தால், அறுவடைக்கு முன்பே கடன் தவணை கேட்பதன் அபத்தம் புரியும். கடை வைத்தால், எந்த மருந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியும். தகப்பனின் நிலத்துக்கே போனாலும், அவர் வாழ்நாள் முழுக்க எழுதாத கணக்கு ஒன்று கையில் இருக்கும்.