கடைசிப் பக்கம் இல்லாத ஏடு

தம்பி!

இரவு மணி பதினொன்று. ஒடுகத்தூர் ஓசை அடங்கிவிட்டது. விடிந்தால் ஆம்பூர்ப் பக்கம் செருப்புத் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறவேண்டிய இளைஞன், போர்வைக்குள்ளே வெளிச்சம் வைத்து விழித்திருக்கிறான். பாடம் படிக்கிறானா? இல்லை. காதல் கடிதமா? அதுவும் இல்லை! நண்பர்கள் ஏலகிரியில் எடுத்த படத்தைப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு உலகமே களித்திருக்கிறது என்று மருகுகிறான்.

விடுபட்டுவிடுவோமோ என்னும் இந்த அச்சத்துக்கு 'ஃபோமோ' என்று பெயர். ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் பேட்ரிக் மெக்கின்னிஸ் 2004-ல் மாணவர் ஏட்டிலே வேடிக்கையாக எழுதிய சொல் அது. அங்கே வேடிக்கை, இங்கே வேதனை! பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே இத்தகைய பழக்கத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு திறக்கவேண்டி வந்தது.

"பையன் கெட்டான்" என்கிறார்கள் பெரியவர்கள். சினிமா வந்தபோதும் அதைத்தானே சொன்னார்கள்! பையனைக் கூண்டில் ஏற்றுமுன், கருவியைச் செய்தவனைச் சற்றே விசாரிப்போமா?

விட்டுப்போகுமே என்ற தவிப்பு நம் தாத்தாக்களுக்கும் இருந்தது. வேலூரிலே கூட்டமென்றால் மிதிவண்டி மிதித்து ஓடினார்கள். படிப்பகத்திலே ஏடு ஒன்று. அதைச் சுற்றிக் கண்கள் இருபது. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர். ஆனால் தம்பி, கூட்டம் முடிந்தது. ஏட்டுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. மடித்து வைத்துவிட்டு உறங்கப் போனார்கள்.

கைப்பேசிக்குக் கடைசிப் பக்கம் ஏது? முடிவின்றி உருளும் திரையை 2006-ல் வகுத்தவர் அசா ராஸ்கின். பின்னர் அவரே அதற்காக வருந்தினார். மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017-ல் ஒப்புக்கொண்டார், ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கர். திருடனே வாக்குமூலம் தந்தபிறகும், பறிகொடுத்தவனையா திட்டுவது?

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடுத்தது டில்லி. என்ன ஆயிற்று? அடுத்த மாதமே 'ரீல்ஸ்' வந்தது. கடை மூடிற்று, சரக்கு பக்கத்துக் கடைக்குப் போயிற்று! ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குக் கதவடைத்தது. நல்லது; ஆனால் நம் தொழிலாளத் தம்பிக்கு வயது இருபத்திரண்டாயிற்றே!

நான் கேட்பது தடையல்ல. முடிவற்ற திரைக்கு ஒரு முடிவு வைக்கச் சொல்லிச் சட்டம் செய்யட்டும். நள்ளிரவில் தானாக அழைப்பதை நிறுத்தச் சொல்லட்டும். அதுவரை, தம்பி, அறிவிப்பு மணியை நீயே அணைத்துவிடு. கருவியைக் கூடத்திலே வைத்துவிட்டுப் படு. காலையில் நீ நிற்கப்போவது தோல் வெட்டும் எந்திரத்தின் முன்னே. அதற்குத் தூக்கக் கலக்கம் தெரியாது. தோலுக்கும் விரலுக்கும் வேறுபாடும் தெரியாது.