க்ரூஸ் டிக்கெட்: டிப்ஸ் உள்ளே வரட்டும், சரக்கு வெளியே போகட்டும்

ஹனிமூன் பட்ஜெட் பற்றி நம்ம சேனலில் பேசியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. “சிங்கப்பூர்லேர்ந்து மூணு நைட் க்ரூஸ் புக் பண்றோம். டிரிங்க்ஸ் பேக்கேஜையும் சேர்த்துப் போட்டுடலாமா?”

இதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம்: பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். ஆனா அதோட விட்டுட்டா விஷயம் பாதிதான் முடியும். ஒரு க்ரூஸ் டிக்கெட்டின் விலைக்குள்ளே எதெல்லாம் இருக்கணும், எதைத் தனியா விற்கணும் என்பதுதான் இதன் அடியில் இருக்கிற கேள்வி.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு சோதனை போதும். ஒண்ணு, உங்களால வேண்டாம்னு சொல்ல முடியாத செலவு எதுவா இருந்தாலும் அது டிக்கெட் விலைக்குள்ளே இருக்கணும். ரெண்டு, கப்பல்ல ஏறுற கிட்டத்தட்ட எல்லாருமே பயன்படுத்துற பொருளும் உள்ளே இருக்கணும். மிச்சம் எல்லாம் வெளியே. இந்தக் கணக்குப்படி பார்த்தா டிப்ஸ், துறைமுகக் கட்டணம், குடிநீர், டீ, காபி, சாப்பாட்டோடு ஒரு கூல் டிரிங்க், வாட்ஸ்அப் ஓடுற அளவுக்கு வைஃபை இதெல்லாம் உள்ளே. மது வெளியே.

பல பெரிய கப்பல் கம்பெனிகள் இன்னைக்கு இதுக்கு நேர் தலைகீழா நடத்துறாங்க. டிப்ஸை வெளியே வெச்சுட்டு, மதுவை பேக்கேஜாக் கட்டி உங்க கையில திணிக்கிறாங்க.

கப்பல் எப்படி சம்பாதிக்குது?

நான் சிஏ என்பதால் முதலில் எட்டிப் பார்ப்பது ஆண்டறிக்கையைத்தான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் 2023 கணக்கை எடுத்துக்குங்க. மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்பனை ஒரு வரி. ‘கப்பலில் செய்யும் செலவும் இதரவும்’ என்று இன்னொரு வரி, அது மட்டும் சுமார் 430 கோடி டாலர். அதாவது 100 ரூபாய் வருமானத்தில் 30 ரூபாய்க்கு மேல் மது, வைஃபை, கேசினோ, ஸ்பா, கரையில் சுற்றுலா மாதிரி விஷயங்களில் வருது.

காரணம் ரொம்ப எளிது. ஒரு கப்பலின் எரிபொருள், ஊழியர் சம்பளம், கடன் வட்டி எல்லாம் நீங்க ஏறினாலும் ஏறாட்டியும் ஆகுற செலவு. காலியா போன கேபினை நாளைக்கு விற்க முடியாது. அதனால டிக்கெட்டை எவ்வளவு மலிவா காட்டியாவது கேபினை நிரப்பணும், நிரப்பின பிறகு உள்ளே இருக்கிறவங்ககிட்ட சம்பாதிக்கணும். நம்ம ஊர் தியேட்டர்ல பார்க்கலையா? டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு, பாப்கார்னுக்கு கிடையாது. லாபம் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இதில் தப்பு எதுவும் இல்லை. வியாபாரம்னா லாபம் பார்க்கத்தான் செய்வாங்க. ஆனா எதை வெச்சு லாபம் பார்க்கிறாங்க என்பதில்தான் எனக்கு மாற்றுக்கருத்து.

டிப்ஸ்: சம்பளத்தை ஏன் தனியா கேட்கணும்?

ராயல் கரீபியனில் 2025 நிலவரப்படி சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் டிப்ஸ் தானாகவே பில்லில் ஏறும். குழந்தைக்கும் உண்டு. கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் போய்க் கேட்டால் எடுத்துவிடலாம் என்பது விதி. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க அறையைச் சுத்தம் பண்ற அண்ணன், சாப்பாடு பரிமாறுற தம்பி, இவங்களோட வருமானத்தில் ஒரு பகுதி இதிலிருந்துதான் போகுது. இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வீட்டை விட்டு மாசக்கணக்கில் கடலில் இருக்கிறவங்க. அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே “என் டிப்ஸை எடுத்துடுங்க”ன்னு எத்தனை பேரால சொல்ல முடியும்?

சொல்ல முடியாது. அப்படின்னா அது டிப்ஸ் இல்லை, டிக்கெட்டின் ஒரு பகுதி. டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கணும்.

இதை உங்க வேலைக்குப் பொருத்திப் பாருங்க. ஆஃபர் லெட்டரில் ஒரு தொகையைக் காட்டிட்டு, “இதில் ஒரு பங்கு கிளையண்டுக்கு மனசிருந்தா வரும்”னு எச்ஆர் சொன்னா ஏத்துப்பீங்களா? வேரியபிள் பே வரலைன்னாலே ஏப்ரல் மாசம் முழுக்கப் புலம்புறோம். கப்பல் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் வேலை. அந்தச் செலவை விலையில் சேர்த்து என்கிட்ட கேளுங்க, தர்றேன். என் மனசாட்சிகிட்ட தனியா பில் போடாதீங்க.

இது நடக்காத காரியம் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019-இல் தானாக ஏறும் டிப்ஸை நிறுத்திவிட்டு, சேவைக்கான செலவை டிக்கெட் விலைக்குள்ளேயே கொண்டுவந்தது. கப்பல் மூழ்கிடலை.

டிரிங்க்ஸ் பேக்கேஜ்: பேப்பர், பேனா எடுங்க

இப்போ மதுவுக்கு வருவோம். பேக்கேஜ் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். அதனால கணக்குக்காக ஒரு எண்ணை வெச்சுக்கலாம். ஒரு நாளைக்கு 70 டாலர், மேலே 18 சதவீத டிப்ஸ். ஆக 82.60 டாலர். தனியா வாங்கினா ஒரு காக்டெயில் 12 டாலர், அதுக்கும் 18 சதவீதம், ஆக 14.16. பேக்கேஜ் கட்டுபடியாகணும்னா ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் குடிக்கணும். தினமும். கரையில் இறங்கி ஊர் சுத்துற நாளிலும்.

இன்னொரு விதி இருக்கு. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலுமே ஒரே கேபினில் இருக்கிற பெரியவங்களில் ஒருத்தர் மது பேக்கேஜ் எடுத்தா மத்தவங்களும் எடுக்கணும். ஒருத்தர் எடுத்து ரெண்டு பேர் பகிரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. விதிவிலக்கு கேட்டுப் பார்க்கலாம், ஆனா பொதுவிதி இதுதான். கணவர் மட்டும் குடிப்பார், மனைவி தொடவே மாட்டார் என்றால் ரெண்டு பேர் பேக்கேஜையும் அவர் ஒருத்தரே குடிச்சுத் தீர்க்கணும். அதாவது தினம் 12 கிளாஸ். கார்னிவலில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 மதுவகைதான் உச்சவரம்பு. அந்த உச்சவரம்புக்குப் பக்கத்தில் போய் நின்னாத்தான் உங்க காசு உங்களுக்குத் திரும்ப வரும்.

மூணு நைட், ரெண்டு பேர். டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கலாம். டிக்கெட் ஆளுக்கு 400 டாலர்னு எடுத்துக்கலாம்.

டிக்கெட்: 800 டாலர், ரூ.72,000.
டிப்ஸ்: 18.50 × 2 பேர் × 3 நாள் = 111 டாலர், ரூ.9,990.
டிரிங்க்ஸ் பேக்கேஜ்: 82.60 × 2 × 3 = 495.60 டாலர், ரூ.44,604.
மொத்தம்: ரூ.1,26,594.

72,000 ரூபாய் டிரிப் ஒண்ணேகால் லட்சத்தைத் தாண்டிடுச்சு. இதே கணவர் பேக்கேஜ் இல்லாம தினம் மூணு கிளாஸ் வாங்கியிருந்தா மூணு நாளைக்கு 127 டாலர் சொச்சம்தான், சுமார் ரூ.11,500. வித்தியாசம் 33,000 ரூபாய். உங்களில் பலருக்கு அது ஒரு மாச வீட்டு வாடகையை விட அதிகம்.

“எல்லாத்தையும் உள்ளே சேர்த்துட்டா நிம்மதிதானே?”

இந்த வாதத்தை நான் லேசா எடுத்துக்கலை. நியாயம் இருக்கு. ஒருமுறை காசு கட்டிட்டு, அப்புறம் பில்லைப் பத்தி நினைக்காம கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஜெர்மனியின் மைன் ஷிஃப் கப்பல்களில் பெரும்பாலான பானங்கள் கட்டணத்திலேயே அடங்கும். சில்வர்சீ, சீபோர்ன் மாதிரி சொகுசுக் கப்பல்களில் மதுவும் டிப்ஸும் உள்ளேயே வரும்.

ஆனா உள்ளே சேர்த்தது எதுவும் இலவசம் இல்லை. எல்லாருடைய டிக்கெட்டிலும் அது பிரிஞ்சு ஏறியிருக்கு. மைன் ஷிஃபில் ஏறுற ஜெர்மன்காரங்களில் பெரும்பாலானவங்க சாப்பாட்டோடு ஒரு பியரோ வைனோ எடுப்பவங்க என்றால், அங்கே அது என் ரெண்டாவது சோதனையில் பாஸ் ஆகுது. நம்ம நிலைமை வேற. அப்பா, அம்மா, மாமியார், குழந்தைன்னு குடும்பத்தோட போறோம். அதில் குடிக்கிறவர் ஒருத்தர், சில குடும்பத்தில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட கப்பலில் மதுவை டிக்கெட்டுக்குள்ளே போட்டா, குடிக்காத உங்க அம்மா பக்கத்து கேபின்காரர் அடிக்கிற விஸ்கிக்குக் காசு கட்டுறாங்க.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கோர்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பல் கிளம்பினப்போ ஏறினவங்களை நினைச்சுப் பாருங்க. இந்திய குடும்பங்களை நம்பி ஓடுற கப்பலுக்கு, மது தனி, சாப்பாடு உள்ளே என்பதுதான் சரியான ஏற்பாடு.

வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் ஒரு நடுவழி இருக்கு. மதியமும் இரவும் சாப்பாட்டோடு பியர், வைன் உள்ளே. வைஃபை உள்ளே. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா உள்ளே. மத்த மது தனி. அவங்க பயணிகளுக்கு அது பொருந்தும். நமக்கு அந்த பியர் இடத்தில் கூல் டிரிங்க்கும் ஃபில்டர் காபியும் இருந்தா போதும். ஒரு கிளாஸ் கோலாவில் கம்பெனிக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. அதுக்குத் தனி பில், தனி பேக்கேஜ் என்பது கஞ்சத்தனம் தவிர வேறில்லை.

வைஃபையும் அப்படித்தான். “நாங்க நல்லா இருக்கோம்”னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பாதவங்க யாரு? படம் பார்க்க வேகம் வேணும்னா தனியா காசு வாங்கட்டும். மெசேஜுக்கு வாங்க வேண்டாம்.

சட்டம் எந்தப் பக்கம் போகுது?

காற்று நம்ம பக்கம்தான் வீசுது. 2023 நவம்பரில் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று முறைகளில் ‘டிரிப் பிரைசிங்’ ஒண்ணு. முதலில் ஒரு விலை காட்டி, கடைசித் திரையில் மிச்சத்தைச் சொட்டுச் சொட்டா ஏத்துறது. ஹோட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று இதே ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு, பெரிய கப்பல் கம்பெனிகள் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்த முழு விலையை விளம்பரத்திலேயே காட்ட ஆரம்பிச்சாங்க. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியே நிற்குது. அடுத்த படி அதுதான்.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது

ஒரு எக்ஸெல் ஷீட் திறங்க. டிக்கெட், துறைமுகக் கட்டணமும் வரியும், டிப்ஸ், வைஃபை, நிஜமா எத்தனை கிளாஸ் குடிப்பீங்களோ அது. அஞ்சு வரி. ரெண்டு கப்பலை ஒப்பிடும்போது முதல் வரியை ஒப்பிடாதீங்க, கூட்டுத்தொகையை ஒப்பிடுங்க. முதல் வரியில் மலிவா இருக்கிற கப்பல் கூட்டுத்தொகையில் விலை அதிகமா நிற்பது சகஜம்.

கப்பலில் கையில் காசு புழங்காது. ஒரு கார்டைத் தட்டிக்கிட்டே போவீங்க, கடைசி நாள் மொத்தமா உங்க கிரெடிட் கார்டில் டாலரில் ஏறும். அதுமேல ஃபாரெக்ஸ் மார்க்அப் உண்டு, அந்த மார்க்அப் மேல ஜிஎஸ்டியும் உண்டு. மார்க்அப் குறைவான கார்டைக் கொண்டு போங்க. தினம் ராத்திரி ஒருமுறை பில் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க.

இந்திய ஏஜெண்ட் மூலமா வெளிநாட்டுப் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆனா அது உங்க பேரில் ஏறிய முன்வரி, போன காசு இல்லை. ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். 2024 அக்டோபரிலிருந்து, ஆபீஸில் தெரிவிச்சா மாசச் சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸையே அந்த அளவுக்குக் குறைச்சுக்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க.

ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் ரெண்டே கேள்வி கேளுங்க. “கப்பலை விட்டு இறங்குற வரைக்கும் நான் கட்டாயம் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?” “இதில் எதை நான் வேண்டாம்னு சொல்லலாம்?” பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்க. எழுதித் தரத் தயங்குற ஏஜெண்டை விட்டுட்டு அடுத்தவரிடம் போங்க.

உங்க அஞ்சு வரிக் கணக்கைக் கீழே கமெண்டில் போடுங்க. எந்தக் கப்பலில் கூட்டுத்தொகை எவ்வளவு வந்ததுன்னு சேர்த்து வெச்சு அடுத்த வீடியோவில் பேசலாம்.