பருமன் மீதான வெறுப்பு பிறப்பிலேயே வந்ததா?

பருத்த உடலைக் கண்டு மனிதர் முகஞ்சுளிப்பது பரிணாமம் தந்த இயல்பு என்று நண்பர் ஒருவர் அண்மையில் வாதிட்டார். நோயாளியிடமிருந்து விலகி நின்ற மூதாதையரே பிழைத்தனர். எனவே வழமைக்கு மாறான உடலைக் கண்டு ஒதுங்கும் உணர்வு நம் இரத்தத்தில் ஊறிவிட்டது என்பது அவரது விளக்கம். இவ்வாறு கூறும் உளவியலாளர்களும் உள்ளனர். ஆயினும் என்னால் இதனை ஏற்க முடியவில்லை.

1961 இல் ஐக்கிய அமெரிக்காவில் ரிச்சர்ட்சனும் அவரது சக ஆய்வாளர்களும் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்து, விருப்பத்துக்கேற்ப வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோலுடன் நிற்கும் பிள்ளை, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை, கையிழந்த பிள்ளை, முகம் சிதைந்த பிள்ளை ஆகியோரும் அப்படங்களில் இருந்தனர். கடைசி இடம் கிடைத்ததோ பருத்த பிள்ளைக்கு.

நண்பரின் வாதத்துக்கு இது வலுச்சேர்ப்பதாகத் தோன்றலாம். ஆனால், அதே சோதனையை லட்னரும் ஸ்டங்கார்டும் மீள நடத்தி, 2003 இல் முடிவை வெளியிட்டனர். வெறுப்பு முன்னரைவிட அதிகரித்திருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டில் பருத்த பிள்ளைகளின் தொகையும் பன்மடங்கு பெருகியிருந்தது. பழகிப்போன உருவத்தின் மீது வெறுப்புக் கூடியதேன்? பரிணாமம் நாற்பது ஆண்டுகளில் இத்தனை தூரம் ஓடுவதில்லை.

பீஜித் தீவின் கதை இன்னும் தெளிவானது. அங்கு திடமான, பருத்த உடலே அழகாகக் கருதப்பட்டது. ஒருவர் மெலிந்தால்தான் உறவினர் கவலை கொண்டனர். நம்மூரிலும் அந்நாளில் மெலிந்தவரைக் கண்டால் "என்ன, வருத்தமோ?" என்றுதானே விசாரித்தார்கள்? நட்ரோகா பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. அப்போது உடல் எடையைக் குறைக்க வலிந்து வாந்தியெடுத்ததாகக் கூறிய பாடசாலை மாணவி ஒருத்தியேனும் இல்லை. 1998 இல் அவ்வாறு கூறியவர்கள் 11.3 சதவீதம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர் பதிவுசெய்த கணக்கு இது. மூன்றே ஆண்டுகள்!

தோற்றத்தைக் கொண்டு ஆளை எடைபோடும் பழக்கத்தை இயற்கை நமக்குத் தந்திருக்கலாம். யாரை வெறுப்பது என்பதைக் கற்றுத்தருவது நாம் வாழும் சமூகமே. கற்றுக்கொடுத்தவர்களில் பத்திரிகைக்காரரும் அடக்கம். பதுக்கல்காரனையும் பேராசைக்காரனையும் கேலிச்சித்திரத்தில் தொந்தியில்லாமல் நாங்கள் வரைவித்தது அபூர்வம். அந்தச் சித்திரங்களை அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். தொந்திக் கணபதியை முதலில் வணங்கிவிட்டுத்தான் அதையும் செய்தேன்.

இயற்கையின் மீது பழியைப் போட்டுவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை. ஆனால் வகுப்பறையில் "குண்டு" என்று அழைக்கப்பட்டு, மதிய உணவை மறைத்து வைக்கும் சிறுமிக்கு அந்தச் சமாதானம் எவ்விதத்தில் உதவும்? கற்றுக்கொடுத்தவர்கள் நாம். அதை மறக்கச் செய்ய வேண்டியவர்களும் நாமே.