உடன்பிறந்தார் போரும் ஈயப் படையும்

சதுரங்கம் என்னும் சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. யானையும் குதிரையும் தேரும் காலாளும் கட்டங்களில் நின்று மோதும் அவ்விளையாட்டை மக்கள் பன்னூறு ஆண்டுகளாக ஆடி வருகின்றனர். ஆயினும், அதில் ஒரு காலாள் வெட்டுண்டபோது எவர் மனமும் நைவதில்லை. அக்காலாளுக்கு ஊருமில்லை, பேருமில்லை, பெற்றோருமில்லை. ஊரும் பேரும் ஆண்டும் நாளும் குறித்து, உண்மையில் நிகழ்ந்த போரையே மேசைமேல் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. அப்போர் ஒரு நாட்டு மக்கள் தமக்குள்ளே பொருத உள்நாட்டுப் போராயின், அதனை விளையாடுதல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. விடுதியில் அண்மையில் எழுந்த இவ்வினாவிற்கு எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இவ்விளையாட்டின் வரலாறு சுருக்கமானது. பிரஷிய நாட்டு இளம் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பார், நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி அளிக்கும் முறையை, தம் தந்தையார் தொடங்கிய வழியிற் செம்மை செய்து 1824-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது படைத்தலைவர்க்குரிய பாடம். அத்தகைய ஆட்டத்தை வீட்டுக் கூடத்திற்குக் கொணர்ந்தோருள் சிறந்தவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 'சிறு போர்கள்' என்று பொருள்படும் அவர் நூல் 1913-இல் வெளிவந்தது. ஈய வீரரையும் வில்விசையாற் சுடும் விளையாட்டுப் பீரங்கிகளையும் கொண்டு ஆடும் விதிகளை அஃது உரைக்கின்றது. மெய்ப்போரின் மடமையை இச்சிறு போர் விளக்கும் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டே ஐரோப்பா மெய்ப்போரில் மூழ்கியது.

இன்று ஆடுவோர், விரற்கடை அளவான வீரர் உருவங்களுக்கு வண்ணந்தீட்டி, பச்சைத் துணி விரித்த மேசையில் அணிவகுக்கின்றனர். ஓர் உருவம் பெரும்பாலும் பல மெய்வீரர்க்கு ஈடாகும். அளவுகோலால் நடைத்தூரம் அளந்து, பகடைக்காய் உருட்டிக் குண்டு பட்டதா, படை அஞ்சியோடியதா எனத் துணிவர். ஒரு மாலையில் ஒரு போர் முடியும். இது தனிப்போர். அவ்வாறன்றி, நிலப்படத்தில் படைகளை ஊருக்கு ஊர் நடத்தி, அவை எதிர்ப்படுந்தோறும் மேசையிற் பொருது, இழந்த படையைக் கணக்கிற் கழித்துக்கொண்டே பல வாரம் செல்வது தொடர்போர்.

கிறிஸ்தவ மாணவர்க்கு இது தகாது என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். காயீன் ஆபேல்மேல் கையோங்கிய கதையைப் பகடை உருட்டி ஆடுவாருண்டோ என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார், ஈயம் ஈயமே, அதிற் பாவமேது புண்ணியமேது என நகைத்து ஒழிகின்றனர். இரு கூற்றிலும் பாதி உண்மையே உண்டு என்பது எம் எண்ணம்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். முதலாம் சார்ல்ஸ் மன்னர் 1642 ஆகஸ்டு 22-ஆம் நாள் நாட்டிங்ஹாம் நகரில் போர்க்கொடி ஏற்றினார். வரி விதிக்கும் உரிமை, படையை ஆளும் உரிமை, திருச்சபையின் ஒழுங்கு ஆகியவை பற்றி மன்னர்க்கும் பாராளுமன்றத்திற்கும் நெடுநாளாக இருந்த பிணக்கு அன்று போராயிற்று. இரு திறத்தாரும் ஒரே வேதத்தை ஓதினர். ஒரே ஆண்டவரிடம் வெற்றி வேண்டினர். அவ்வாண்டு அக்டோபர் 23-இல் எட்ஜ்ஹில் களத்தில் மன்னர் கொடியைத் தாங்கி மாண்டவர் சர் எட்மண்டு வெர்னி. அவருடைய மூத்த மகனோ பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர்.

மேற்குப் பகுதியில் மன்னர் படைக்குச் சர் ரால்ஃப் ஹாப்டனும், பாராளுமன்றப் படைக்குச் சர் வில்லியம் வாலரும் தலைவர்கள். இருவரும் இளமையில் ஐரோப்பாவில் ஒரே பக்கம் நின்று பணியாற்றிய நண்பர். 1643 ஜூன் மாதத்தில் ஹாப்டன் நேரிற் கண்டு பேச விரும்பி எழுத, வாலர் மறுமொழி விடுத்தார். தம் நட்பு மாறவில்லை என்றும், மேற்கொண்ட கடமையை விட இயலாது என்றும், பகைவன் இல்லாத இப்போரைத் தாம் எத்துணை வெறுக்கின்றார் என்பதை உள்ளம் ஆராயும் கடவுள் அறிவார் என்றும் அவர் எழுதினார். மூன்று வாரம் செல்லுமுன், ஜூலை 5-இல், பாத் நகரின் அருகே லான்ஸ்டவுன் குன்றில் அவ்விருவர் படைகளும் மோதின. மறுநாள் வெடிமருந்து வண்டி ஒன்று வெடிக்க, ஹாப்டன் உடல் கருகிப் பார்வை இழந்து கிடந்தார். டிவைஸிஸ் நகரில் அவரை வாலர் முற்றுகையிட்டார். ஆக்ஸ்போர்டிலிருந்து விரைந்த மன்னரின் குதிரைப்படை, ஜூலை 13-இல் ரவுண்ட்வே குன்றில் வாலர் படையைச் சிதறடித்தது.

இப்போர்களைத் தனித்தனியே ஆடினால் நாம் பெறும் பயன் யாது? தனிப்போரில் ஆடுவோன் தன் கடைசி வீரனையும் தயங்காது அனுப்புகின்றான். ஆட்டம் முடிந்ததும் மாண்டவர் யாவரும் எழுந்து பெட்டியிற் புகுவர். அடுத்த வாரம் புதுப்பொலிவோடு வருவர். உயிர்த்தெழுதல் இத்துணை எளிதாகவே, சாவும் எளிதாகிவிடுகின்றது. பெரியோர் அஞ்சும் கேடு இதுவே, அவ்வச்சம் நேரியதே.

தொடர்போரிலோ மாண்டவர் எழுவதில்லை. லான்ஸ்டவுனில் இழந்த அணி ரவுண்ட்வேயில் நில்லாது. இருக்கும் படைக்கும் சோறு வேண்டும், மருந்து வேண்டும். டிவைஸிஸ் முற்றுகையில் துப்பாக்கிக்கு நெருப்பூட்டும் திரி தீர்ந்தபோது, ஹாப்டன் நகரத்தார் வீடுகளிலிருந்த கட்டிற் கயிறுகளைத் திரட்டித் திரியாகச் செய்வித்தார். தனிப்போர் ஆடுவோர்க்கு இச்செய்தி ஒரு துணுக்கு. தொடர்போர் ஆடுவோர்க்கு இதுவே உயிர்நிலை. ஒரு வீட்டார் படுத்துறங்கும் கயிறு மட்டும் போரின் கை நீளும் என்பதை அவர் உணர்கின்றார்.

சென்ற ஆண்டு விடுதி மாணவர் அறுவர் இம்மேற்குப் போரைத் தொடர்போராக ஆடினோம். காசு வைத்து ஆடவில்லை என்பதையும் கூறிவிடுகின்றோம். எம் நடுவர் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சீட்டெழுதி, படை தங்கிய வாரந்தோறும் அதில் ஒரு கோடு இழுத்தார். ஐந்து கோடு வீழ்ந்த ஊர் எப்படைக்கும் சோறளியாது என்பது விதி. நான்காம் மாலையில் பாத் முதல் டிவைஸிஸ் வரை சீட்டுகள் கோடுகளால் நிறைந்தன. அவற்றிற் பல பகைவர் இட்டவை அல்ல. காக்க வந்தோம் என்ற படையே இட்டவை. அன்று முதல் எவ்வாறு வெல்வது என்பதினும், எங்கே தங்கினால் கேடு குறையும் என்பதே இரு திறத் தளபதிகளின் ஆராய்ச்சியாயிற்று. 1645-இல் வில்ட்ஷயர், டார்செட், சோமர்செட் பகுதி உழவர் தடியும் அரிவாளும் ஏந்தி இரு படைகளையுமே எதிர்த்து எழுந்தனர். அவர்களைத் தடிக்காரர் என்றே வரலாறு குறிக்கும். அவர்கள் ஏன் எழுந்தனர் என்பதைப் பாடநூலினும் எம் நடுவரின் சீட்டுகள் எமக்கு நன்கு விளக்கின.

எனினும், தொடர்போரும் முழு உண்மையன்று. 1645 ஜூன் 14-இல் நேஸ்பிக் களத்தில் மன்னர் படை தோற்றோடிய பின்னர், அப்படையைத் தொடர்ந்து வந்த பெண்டிருள் நூற்றுவர்க்குக் குறையாதோரை வென்றவர் வெட்டிக் கொன்றனர். மேசையில் ஆட்டம் முடிந்தது என்று நாம் கைகுலுக்கும் அந்த வேளையில்தான் மெய்க்களத்தில் அக்கொடுமை நிகழ்ந்தது. அதற்குப் பகடை இல்லை, இருத்தலும் ஆகாது. மேலும், வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் கார்ல்டன் மதிப்பீட்டின்படி, அப்போரில் ஆயுதத்தால் இறந்தோர் ஏறத்தாழ 85,000 பேர். நோயால் இறந்தோர் ஏறத்தாழ 1,00,000 பேர். காய்ச்சலில் மாண்டவனை எவரும் ஈயத்தில் வார்ப்பதில்லை.

ஆதலின், உள்நாட்டுப் போரை விளையாட விரும்புவோர்க்கு யாம் மூன்று கூறுகின்றோம். தனிப்போரை விடுத்துத் தொடர்போரையே ஆடுக. படையோடு ஊர்களையும் கணக்கிடுக. இடையில் ஒருமுறை பக்கம் மாறி, நேற்று எவரை எதிர்த்தோமோ அவருடைய நியாயத்தை இன்று நம் வாயாற் பேசுக. இம்மூன்றும் இல்லையேல், பெரியோர் கூறுமாறு அவ்வாட்டம் நமக்கு ஆகாது. ஆட்டம் முடிந்தபின், மேசையில் இடம்பெறாதவரைப் பற்றி ஒரு நூலேனும் எடுத்துப் படித்தல் நன்று.

வாலர் தம் போரை வெறுத்தார், வெறுத்தும் பொருதார். நல்லோர் நெஞ்சில் வெறுப்பு இருந்தமையால் மட்டும் அப்போர் நின்றுவிடவில்லை. கொடியேற்றும் நாளுக்கு முன்னரே அதன் விலையை எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலராகவே இருந்தனர். அவ்வெண்ணிக்கையைக் குருதி சிந்தாது பழகிக்கொள்ள ஒரு மேசையும் சில சீட்டுகளும் உதவுமாயின், அம்மேசையை விடுதியினின்று அகற்றாதிருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.