படுவான்கரையில் ஐம்பது வயது

அரசாங்கத்துக்கு வயது என்றால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கிற திகதி மட்டும்தான். முதியோர் கொடுப்பனவுக்கு 70 நிரம்ப வேண்டும். கந்தோர்க் கதிரையில் முப்பது வருசம் இருந்தவருக்கும், வாவியில் இடுப்பளவு தண்ணியில் நின்று வீச்சுவலை எறிஞ்சவருக்கும் அதே ஒரு கணக்கு. பார்க்க நியாயம் மாதிரித்தான் இருக்கு. நாங்கள் இதை அநியாயம் என்கிறோம்.

உடம்பு திகதி பார்த்து முதிர்வதில்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73 இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். எல்லாருக்கும் 38 வயதானபோது சிறுநீரகம், ஈரல், நுரையீரல், இரத்த அழுத்தம் எல்லாம் அளந்து உடம்பின் வயதைக் கணித்தார்கள். 2015 இல் வந்த முடிவில் சிலருடைய உடம்புக்கு 28 வயது, சிலருடையதுக்கு 61! கெதியாக முதிர்ந்தவர்களின் சின்ன வயசைக் கிளறினால், வசதி குறைந்த குடும்பங்களும் அடி, பிரிவு, நோய் கண்ட பிள்ளைப்பருவங்களும் கூடுதலாக இருந்தன.

பயத்திலும் பற்றாக்குறையிலும் வளர்கிற பிள்ளையின் உடம்பில் கோர்ட்டிசோல் அடிக்கடி ஏறுகிறது, அழற்சி தணியாமல் கிடக்கிறது, டிஎன்ஏயில் ஒட்டியிருக்கிற வேதிக்குறிகள்கூட மாறுகின்றன. அந்தக் குறிகளை வைத்தே வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013 இல் வெளியிட்டார். (கலைப்பீடத்துப் பொடியள் டிஎன்ஏ பற்றிக் கதைக்கிறாங்க என்று விஞ்ஞானபீடக்காரர் சிரிக்கட்டும்.)

இப்ப வாவிக்கு வருவம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போதனா வைத்தியசாலையும் பெரிய பள்ளிக்கூடங்களும் எழுவான்கரைப் பக்கம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் வருத்தக்காரரையும் படகுப்பாதையில்தான் ஏத்தி வந்தார்கள். 1975 இல் அங்கே ஒரு கூலிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளையை நினைச்சுப் பாருங்க. மூன்று வயதில் 1978 சூறாவளி. பன்னிரண்டில் இறால் பண்ணைப் படுகொலை. பதினைந்தில் மறுகா யுத்தம். பதினாறில் மகிழடித்தீவுப் படுகொலை. 2007 இல், தன் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, ஊரோடு இடப்பெயர்வு. இடையில் வெள்ளம் கொண்டுபோன வயல்களை நாங்கள் எண்ணவில்லை. இண்டைக்கு அவருக்கு ஐம்பது. முழங்கால் மடியாது, ஊரே "அப்பு" என்று கூப்பிடுது. ரத்தம் எடுத்துப் பார்த்தா சொல்றீங்க என்று கேட்டால், இல்லை. சந்தைக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம்.

எழுவான்கரையில் யுத்தம் இல்லையா? இருந்தது. 1990 இல் எங்கட வந்தாறுமூலை வளாகமே அகதிமுகாம். அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் வீட்டில் ஒரு அரச சம்பளம் இருந்த குடும்பத்துக்குச் செல் சத்தம் ஓய்ஞ்ச பிறகாவது நித்திரை வந்தது. மற்ற வீட்டில் அடுத்த நாள் அரிசியை யோசிக்க வேண்டியிருந்தது.

"அந்தக் காலத்து ஆக்கள் பழஞ்சோறு திண்டே தொண்ணூறு வரைக்கும் இருந்தாங்க" என்று ஒரு கதை எங்கட ஊரில் ஓயாது. அறுபதுக்கு முதலே செத்துப்போனவர்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்க மாட்டார்கள். அதால நாங்க காண்கிறது மிஞ்சினவர்களை மட்டும்தான். "குடிச்சுக் கெட்டாங்க" என்பது அடுத்த கதை. லண்டன் அரச ஊழியர்களிடம் 1967 இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு இதற்கு நல்ல பதில். எல்லாருக்கும் சம்பளம், எல்லாருக்கும் இலவச வைத்தியம். இருந்தும் பதவிப்படி இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. புகைத்தல் போன்ற பழக்கங்களைக் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே மிஞ்சியது. இலவச ஆஸ்பத்திரி இருக்குத்தானே என்று நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டு இருக்கிற நாடு இது.

இந்த முதுமை வயிற்றிலிருந்தே தொடங்குவதால், 2022 நெருக்கடியில் திரிபோஷா தட்டுப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இதன் கணக்கு 2070 அளவில் வரும். பாடசாலைச் சத்துணவை வெட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. கடலிலும் வாவியிலும் வயலிலும் உடம்பை வைத்து உழைச்சவர்களுக்கு அந்த 70 ஐ 60 ஆக்குங்கள். அதுக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். அரச ஊழியருக்கு 60 இல் ஓய்வூதியம் எழுதும்போது எந்தக் கந்தோரிலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை.