பாடியவர் முகம் தெரியட்டும்

'சின்ன மச்சான்' பாட்டை அறியாதவர் நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் குறைவு. காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கோயில் திருவிழாவோ, ரேடியோ செட்டில் அது வந்துவிடும். பெண் அழைக்க, ஆண் பதில் சொல்லும் காதல் பாட்டு. எழுதியவர் செல்ல. தங்கையா. பாடியவர்கள் புதுக்கோட்டை மண்ணின் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும். 2018-இல் விஜய் டிவி 'சூப்பர் சிங்கர்' பட்டத்தைச் செந்தில் கணேஷ் வென்றார். மறு ஆண்டே 'சார்லி சாப்ளின் 2' படத்தில், அம்ரீஷ் இசையில், அதே இருவர் குரலில் அந்தப் பாட்டு திரைக்குப் போனது. ஆடியவர் பிரபுதேவா.

ஆக, நம் கைபேசியில் ஒரே பாட்டுக்கு இரண்டு வீடியோ. ஒன்று மேடை, ஒன்று சினிமா. என் ஓட்டு மேடைக்குத்தான்.

பிரபுதேவாவின் ஆட்டத்தை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அதைப் பார்க்கையில் கண் கால்களின் பின்னாலேயே ஓடுகிறது. யார் யாரிடம் என்ன கேட்டார் என்பது காதில் ஏறுவதில்லை. மேடையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று பாடுகிறார்கள். அவர் சீண்டுகிறார், இவர் மடக்குகிறார். தெம்மாங்குக் காதல் என்பதே இந்தப் பேச்சுதானே!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 1960 வாக்கில் பிரான்சில் 'ஸ்கோபிடோன்' என்றொரு பெட்டி காபிக் கடைகளுக்கு வந்தது. காசு போட்டால் பாட்டும் கேட்கும், 16 மி.மீ. பிலிமில் வண்ணப் படமும் ஓடும். இன்றைய வீடியோ பாட்டுக்கு அது பாட்டன் முறை. அதில்கூட முன்னால் நின்றது பாடகர்தான்.

சினிமா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவிழாக் காலத்தை மட்டும் நம்பிப் பிழைக்கும் கலைஞனுக்கு அது சோறு போடுகிறது; பெயரையும் ஊரறியச் செய்கிறது. என் கவலை, பெயரே இல்லாமல் போன பாட்டுகளைப் பற்றியது. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தமிழ் நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் 'மலையருவி' என்ற நூலாக வந்தது. ஒரு வெள்ளைக்காரருக்கு இருந்த அக்கறை நமக்கு இருக்க வேண்டாமா?

நடவு வயலிலும் களைக்கொட்டோடும் மாமன் மச்சானைக் கேலி செய்து பாடிய பெண்களில் பலருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது நடவுக்கு இயந்திரம் வருகிறது, களைக்கு மருந்து அடிக்கிறோம். பாடுவதற்கு வேலையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

எனவே என் கருத்து இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஓர் ஆத்தா இருந்தால், சம்மதம் கேட்டு, பேரப்பிள்ளையின் கைபேசியில் முகம் தெரிய ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பின்னணி இசை எதுவும் சேர்க்க வேண்டாம். பாடியவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்ற விவரங்களைக் கூடவே எழுதுங்கள். குமாஸ்தா புத்தி என்று சிரிக்கலாம். பெயரும் தேதியும் இல்லாத காகிதம் எந்த அலுவலகத்திலும் நிற்காது. பாட்டுக்கும் அதே கதிதான்.